காட்டுப்பன்றி வரவே இல்லை

தம்பி,

நாளைக் காலையில் நீ பாலிக் பூலாவுக்குக் குடிபோகிறாய். இதை உன் துணிப்பையின் மேலேயே வைத்திருக்கிறேன். அடியில் வைத்தால் ஒரு மாதம் கழித்துத்தான் எடுப்பாய். செவ்வாய்க்கிழமை நிலத்துக்காரர் ஆ செங் அங்கிளோடு ஐந்து வருடக் குத்தகைக்குக் கையெழுத்துப் போடப் போகிறாய். மேல்பாதி நிலம் மட்டும் போதும், ஓடைப் பக்கத்துக் கீழ்ப்பாதி வேண்டாம், அங்கே காட்டுப்பன்றி வந்து எல்லாவற்றையும் கிளறிப் போடுகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டாய். அவரும் சரியென்று சொல்லி, கீழ்ப்பாதியில் கல்லைக் கொட்டிப் பரப்பி, டுரியான் பழச் சீசனுக்கு வருகிறவர்கள் காடி நிறுத்த விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். போன வருடம் உன் தட்டைப்பயறைப் பிடுங்கி எறிந்து, பாத்தி பாத்தியாக மண்ணைப் புரட்டிப் போட்டது காட்டுப்பன்றி இல்லை. நான்தான்.

எழுதிவிட்டேன். பதினோரு மாதமாக வாய்க்கு வராதது. நேரில் சொல்ல மூன்று தடவை வந்தேன். ஒரு தடவை பாலிக் பூலா போகும் மலைப்பாதையில், காடிக்குள்ளேயே சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். நீ ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாய். வளைவான ரோடு, பையன் சந்தோஷமாக ஓட்டுகிறான், இப்போது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மற்ற இரண்டு தடவைக்கு இந்தச் சாக்குகூட இல்லை. வெட்கம்தான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது. இன்றைக்கும் பாசாரில் நம் இரண்டு பேரையும் பார்த்து அக்காவும் தம்பியுமா என்று கேட்பார்கள். நீ முகத்தைச் சுளிப்பாய். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது. ஆனால் இருபது வயதில், சுங்கை பினாங் ஃபிளாட்டின் ஒன்பதாவது மாடியில், உன் அப்பா லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டால் மூன்று நாள் உன்னோடு தனியாக இருந்தவளுக்குக் கைகண்ட கலை ஒன்றே ஒன்றுதான், பயப்படுவது. உனக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்து போனது. போன பிறகு உன் கழுத்தின் இரண்டு பக்கமும் பட்டாணி போல உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது. எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட நோயின் பெயரும் வரிசையாக நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் மணிக்கொரு தடவை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். நீ கழுத்தைத் தொட விடாமல் அழ ஆரம்பித்ததும், நோய் முற்றிவிட்டது என்று உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டர் அம்மா நிதானமாகத் தடவிப் பார்த்துவிட்டு என் விரலைத்தான் பார்த்தார். "இது வியாதி இல்லம்மா. இங்கதான் உங்க பையன் உடம்பு வேல செஞ்சிக்கிட்டு இருக்கு. நீங்க அமுக்காம இருந்தா அதுவே எறங்கிரும்" என்றார். அழுகைக்குக் காரணம் உருண்டை இல்லை, என் விரல். அந்தப் பாடத்தை அன்றைக்கே படித்திருக்க வேண்டும்.

படிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் சேர்ந்த வேலையும் அப்படிப்பட்டது. பாயான் லெப்பாஸ் கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் நான் எங்கே வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், தூசியே இல்லாத அறையில். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை, காற்றடிக்கும் கூண்டுக்குள் நின்று உடம்பைத் திருப்பித் திருப்பிக் காட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். ஒரு துளித் தூசி விழுந்தால் ஒரு தட்டு முழுக்கக் குப்பைக்குப் போகும். வேலையோடு வேலையாகக் கெலுகோர் பல்கலைக்கழகத்தில் தொலைதூரப் படிப்பில் பட்டம் வாங்கினேன், மேற்பார்வையாளராக ஆனேன், அப்புறம் அடுத்தவர் கொண்டுவரும் தூசியைக் கண்டுபிடிப்பதே என் வேலை ஆயிற்று. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியவில்லை. நீ கீழே மணலில் விளையாடிவிட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கழுவி விடுவேன். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது உன் பென்சில் பெட்டிக்குள் ஈர மண்ணும் இரண்டு மண்புழுவும் இருந்தன. நான் பெட்டியோடு கொண்டுபோய்க் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். நீ கத்தவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அதுக்கு நான் பேரு வச்சிருந்தேன்" என்றாய். அந்தப் பெயர் என்ன என்று நான் இதுவரை கேட்டதில்லை. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதினால் அதையும் எழுது.

அப்படிப்பட்டவளின் பிள்ளை, ஜுருவில் கிடைத்த நல்ல தொழிற்சாலை வேலையை எட்டே மாதத்தில் விட்டுவிட்டு வந்து, "அம்மா, நான் மண்ணுல வேல செய்யப் போறேன்" என்றால் எப்படி இருக்கும்? நான் நான்கு நாள் உன்னோடு பேசவில்லை. அப்பாதான், "அவன் போக்குல விடு, சரிப்படலன்னா வந்துருவான்" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். ஆ செங் அங்கிள் அந்த நிலத்தை ஒன்றரை வருடம் சும்மாவே எடுத்துப் பார்க்கச் சொன்னார். பத்துப் பதினைந்து வருடம் மிளகாய் போட்டு, மூட்டை மூட்டையாக உரம் கொட்டி, புல் முளைத்தால் மருந்தடித்து, கடைசியில் உரமும் கேட்காத இடமாகிவிட்டது, மண் செத்துப்போய்விட்டது என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தார். உனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்ப்பாதியில் குந்தி உட்கார்ந்து மண்ணை உடைத்து மோந்து பார்த்தாய். மேலே சரிவு, மழை அடித்துக்கொண்டு போன மண். கீழே ஓடை கொண்டுவந்து சேர்த்த மண். "கீழதாம்மா சொத்து, தூங்குது, எழுப்பணும்" என்றாய். மேல்பாதியில் முதலில் பயறு போட்டு, அதை அறுத்து அங்கேயே போர்வை போலப் பரப்பினாய். அப்புறம் கீழ்ப்பாதி முழுக்கத் தட்டைப்பயறு விதைத்தாய். காய் பறிக்கவா என்று கேட்டேன். மண்ணுக்கு என்றாய். மண்ணுக்குச் சோறு போடுகிறவனை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

நீ கேமரன் மலைக்கு உன் நண்பன் தோட்டத்தில் ஒரு வாரம் வேலை செய்யப் போனபோதுதான் அது நடந்தது. நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற என்னைப் போகச் சொன்னாய். ஃபோனை வைப்பதற்கு முன்னால், "வேற எதையும் தொடாதீங்கம்மா, ப்ளீஸ் லா" என்றும் சொன்னாய். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது நாள் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சும்மா கீழே இறங்கினேன். ஓரத்தில் ஒரு செடியின் இலை மஞ்சளாக இருந்தது. மற்றதுக்குப் பரவிவிடுமோ என்று அதைப் பிடுங்கினேன். வேர் முழுக்க உருண்டை உருண்டையாக, கொத்துக் கொத்தாக. ஒன்றை நகத்தால் நசுக்கினேன். உள்ளே சிவப்பு, ரத்தம் மாதிரி. தம்பி, எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தா அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றது. அடுத்த செடியைப் பிடுங்கினேன். அதிலும் உருண்டை. அதற்கடுத்ததிலும். எங்கள் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிற மாலா அக்கா வீட்டில் பூச்சாடியில் கத்தரி வளர்க்கிறார்கள், உனக்குத் தெரியுமே. அவர்களுக்கு ஃபோன் போட்டேன். அவர்கள் கத்தரியின் வேரில் ஒரு தடவை புழு விழுந்து முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிறது. "அதே தான்டி. எல்லாத்தையும் புடுங்கித் தூரப் போட்டுட்டு மண்ணப் பொரட்டி வெயில்ல காய விடு. ஒண்ணு மிச்சம் வச்சாலும் அவ்ளோதான்" என்றார்கள்.

ஒரு துளித் தூசிக்கு ஒரு தட்டையே எறிகிற இடத்தில் வேலை செய்கிறவளுக்கு இதைவிட வேறு உத்தரவு வேண்டுமா? உனக்கு ஃபோன் போடவில்லை. அங்கே சிக்னல் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நீ வருவதற்குள் நானே உன்னைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று இருந்தது. அன்றும் மறுநாளும் பிடுங்கினேன். அரிசிச் சாக்குகளில் அடைத்துக் காடியில் ஏற்றி, ஃபிளாட்டுக்குக் கீழே குப்பைத் தொட்டியில் கொண்டுவந்து போட்டேன். மண்வெட்டியால் ஒரு பாத்தி விடாமல் கொத்திப் புரட்டினேன். இடுப்பு விட்டுப் போயிற்று. வெயில் நன்றாக அடித்தது. கடவுள் என் பக்கம் இருக்கிறார் என்று நினைத்தேன்.

நீ வந்து பார்த்துவிட்டு வெகுநேரம் ஓடைக் கரையிலேயே நின்றாய். நான் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் ஆ செங் அங்கிள் வந்து, காட்டுப்பன்றி என்றார், ஓடை வழியாகத்தான் இறங்கும், செடியை வேரோடு தின்றுவிடும் என்றார். நீ தலையாட்டினாய். அப்புறம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அம்மா, அந்த வேர்ல உருண்டை உருண்டையா ஒண்ணு வந்திருக்கும், உள்ள செவப்பா. அது வந்துட்டா மண்ணு முழிச்சிக்கிச்சின்னு அர்த்தம். ஒரு செடி புடுங்கி உங்ககிட்ட காட்டணும்னு இருந்தேன்" என்றாய். என் வாய் மூடிக்கொண்டது. பதினோரு மாதம் மூடியே இருந்தது.

அப்புறம் நடந்த கூத்து உனக்கே தெரியும். அந்தப் பன்றிக்கு 'பாஸ்' என்று பெயர் வைத்தாய். சோறு குழைந்தால்கூட, "பாஸ் வந்துட்டுப் போயிட்டாரு போல" என்று வீட்டில் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். நீயும் அப்பாவும் கம்பி வாங்கி வந்து ஓடையோரம் வேலி போட்டீர்கள். அப்பா இரண்டு சனிக்கிழமை டார்ச் விளக்கோடு காவலுக்குக் கிடந்து, கொசுக்கடியோடு திரும்பி வந்தார். பன்றி ரொம்பக் கெட்டிக்காரன், ஆள் இருந்தால் வருவதில்லை என்று மெச்சினார். அவருக்கு நான்தான் கொசுக்கடிக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

எனக்கு உண்மையில் உறைத்தது மூன்று மாதத்துக்கு முன்னால். நீ இரண்டு மண்கட்டிகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து நம் சமையல் மேடையில் வைத்தாய். இரண்டு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி, டீ வடிகட்டியை மேலே வைத்து, ஒன்றில் மேல்பாதிக் கட்டி, இன்னொன்றில் கீழ்ப்பாதிக் கட்டி. டீ வடிகட்டியில் மண்ணா என்று நான் கத்தினேன். "பாருங்கம்மா, பத்து நிமிஷம் பேசாம பாருங்க" என்றாய். மேல்பாதிக் கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது, தண்ணீர்கூடத் தெளிவாக இருந்தது. கீழ்ப்பாதிக் கட்டி ரொட்டி மைலோவில் ஊறுவதுபோல ஊறி, இற்று, குவளை முழுக்கக் கலங்கிப் போனது. இரண்டும் ஒரே நிலம், ஒரே மழை. என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அன்றைக்கு நீ சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் வைத்திருக்கிறேன். இலை வெயிலில் சமைக்கும் சர்க்கரையைச் செடி தானே தின்று தீர்ப்பதில்லை, அதில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணுக்குள் கசிய விடுகிறது. அந்தச் சாப்பாட்டுக்குத்தான் நுண்ணுயிர்கள் வந்து கூடுகின்றன. சாப்பிட்டுவிட்டுச் சும்மா போவதில்லை. கல்லிலும் மணலிலும் பூட்டிக் கிடக்கிற சத்தைக் கரைத்து வேருக்குக் கொடுக்கின்றன. வேர் எட்டாத தூரத்துக்குப் பூஞ்சை இழை விட்டுத் தண்ணீர் கொண்டுவருகிறது. பயற்றுச் செடியின் உருண்டைக்குள் இருக்கிற பாக்டீரியாக்கள் காற்றிலிருக்கிற நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகின்றன. அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தின் சிவப்புக்கு உறவு. இவர்கள் எல்லாரும் விடுகிற பசையும் இழையும்தான் மண்ணைப் பொரிகடலை மாதிரி உருட்டி உருட்டி வைக்கிறது, உருண்டைக்கு நடுவே காற்றும் தண்ணீரும் தங்குகிறது.

எனக்குப் புரிந்த மாதிரி சொன்னால், நம் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்டும் கேன்டீன் திறந்திருக்கிற மாதிரி. வேர் இருக்கும்வரை அடுப்பு எரியும், ஆள் வருவார்கள், வேலை நடக்கும். செடியைப் பிடுங்கினால் கேன்டீனை மூடியாயிற்று. கொத்திப் புரட்டினால் இழையெல்லாம் அறுந்தது. வெயிலில் காயப் போட்டால் மிச்சம் இருந்ததும் கருகியது. அப்புறம் மொட்டை மண்ணில் மழை நேராக அடித்துச் சிமெண்டு பூசின மாதிரி ஆக்கிவிட்டது. "எல்லாம் பாஸ் பண்ண வேல" என்று நீ சிரித்துக்கொண்டே அந்தக் கலங்கல் தண்ணீரை ஊற்றப் போனாய். நான் குவளையைக் கழுவுகிறேன் என்று வாங்கிக்கொண்டு, உன் முகத்தைப் பார்க்காமல் வெகுநேரம் கழுவினேன்.

உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். நீ மேலே வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாய். நான் வேலிப் பக்கம் இறங்கினேன். நீ இப்போதெல்லாம் அங்கே போவதே இல்லை. போனால் மனசு கெட்டுப்போகிறது என்று அப்பாவிடம் சொன்னாயாம். சாக்கை நான் இழுத்துப் போன வழியில், அந்தக் கெட்டித் தரையின் வெடிப்புக்குள்ளிருந்து ஏழெட்டுச் செடிகள் எழுந்து நிற்கின்றன. தட்டைப்பயறு. அன்றைக்குச் சாக்கிலிருந்து காய் உதிர்ந்து, விதை விழுந்து, யாரும் விதைக்காமல் தானாக முளைத்து, காய்த்து, உதிர்ந்து, மறுபடி முளைத்து வந்திருக்கிறது. நான் பிடுங்கவில்லை, பயப்படாதே. கைப்பையில் இருந்த கரண்டியால் ஒரே ஒரு செடியின் பக்கத்தில், மண்டியிட்டு உட்கார்ந்து, பல்லிடுக்கில் குத்துவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்கினேன். வேர் தெரிந்தது. வேரில் உருண்டை இருந்தது. ஒன்றைக் கிள்ளிப் பிளந்தேன். சிவப்பு, தம்பி. நல்ல சிவப்பு. வேரைச் சுற்றி விரல்கடை அகலத்துக்கு மண் பொலபொலவென்று உதிர்ந்தது, அதைத் தாண்டினால் மறுபடி சிமெண்டு. நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தவர்கள் அங்கேயே எங்கோ ஒளிந்து, ஒரு வேர் வருகிறதா என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மண்ணை மூடி, மேலே காய்ந்த புல்லைப் போட்டுவிட்டு வந்தேன். வாழைப்பழம் இரண்டு தின்று முடித்த பிறகுதான் கையைக் கழுவவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

திரும்பி வரும்போது சொல்ல நினைத்தேன். காடியில் ஏறினதும் நீதான் முந்திக்கொண்டு, கீழ்ப்பாதியை வேண்டாம் என்று அங்கிளிடம் சொல்லிவிட்டேன் என்றாய். பன்றியோடு ஐந்து வருடம் மல்லுக்கட்ட முடியாது என்றாய். நான் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். வராத பன்றிக்காக, உன் சொத்து என்று நீ சொன்ன மண்ணுக்கு மேல் ஜல்லியைக் கொட்டப் போகிறார்கள். ஜல்லிக்கு அடியில் எந்த வேர் போய்ச் சோறு போடும்?

இன்று காலையில் அப்பாவிடம் முதலில் சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு சனிக்கிழமை நான் உன்னையவா காவல் காத்தேன்?" என்று கேட்டார், அப்புறம் மூக்கில் டீ ஏறும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும், "இன்னைக்கே அவனுக்குத் தெரியணும், நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று இப்போது உனக்குத் தெரியும். இருந்தாலும் அம்மா இல்லையா, சொல்லாமல் அனுப்ப மனசு வரவில்லை. புரியாத ஒன்றைப் பார்த்துப் பயம் வந்தால், முதலில் கையை மடியில் வைத்துக்கொள். தெரிந்தவனிடம் கேள், பக்கத்தில் இருக்கிறவர் என்பதற்காகத் தெரியாதவரிடம் கேட்காதே. தப்புப் பண்ணினால் அன்றைக்கே சொல்லிவிடு. பதினோரு மாதம் மூடி வைத்தால் அதற்கு மேல் வேலி, காவல், தைலம் என்று ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொள்ளும். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்து, பிள்ளை பிறந்து, அது மண்ணை வாயில் வைத்தால் என்னைப்போல் கொதிநீர் காய்ச்சாதே. ஆனால் ஒன்று, எல்லாக் கிருமியும் நல்லது என்று நம்பும் அளவுக்கு நான் இன்னும் மாறவில்லை. ஓடையில் எலி ஓடுகிறது. பூட்ஸ் போடாமல் கீழே இறங்காதே, காலில் புண் இருந்தால் இறங்கவே இறங்காதே, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவு. இதில் உன் பாக்டீரியா யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கோபம் வந்தால் கோபப்படு. இரண்டு நாள் பேசாமல் இரு, நான் நான்கு நாள் இருந்தவள். ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் வேலிப் பக்கம் ஒரு தடவை போய், நான் புல் போட்டு மூடின இடத்தை விலக்கிப் பார். பார்த்த பிறகும் கீழ்ப்பாதி வேண்டாம் என்று தோன்றினால் அது உன் முடிவு, உன் மண். வேண்டும் என்று தோன்றினால், நம் பிஸ்கட் டின் நிறையத் தட்டைப்பயறு விதை வாங்கி உன் பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமைக்கு விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ காட்டுகிற இடத்தில், நீ சொல்கிற ஆழத்தில், ஒவ்வொன்றாகப் போடுகிறேன். வேலியை மட்டும் கழற்றாதே, நிஜப் பன்றி ஒருநாள் வரலாம். முளைத்த பிறகு எந்த இலை மஞ்சளானாலும் உனக்குத்தான் முதலில் ஃபோன் போடுவேன். நீ எடுக்கும்வரை, எவ்வளவு நேரமானாலும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

உன் பாஸ்,
அம்மா